இருபது நிமிடம் அசையாமல்

செக் நாட்டு யாஹிமோவ் குளியல் விடுதியில் இருபத்தாறு வருடமாகத் தொட்டி பார்ப்பவள் நான். யுரேனியச் சுரங்கத்திலிருந்து வரும், ரேடான் என்ற கதிரியக்க வாயு கலந்த தண்ணீரை நிரப்புவேன், ஆளைப் படுக்க வைப்பேன், இருபது நிமிடம் அசையக் கூடாது என்று மிரட்டுவேன். தண்ணீர் கலங்கினால் வாயு போய்விடும். மூட்டுவலி, முதுகுவலிக்காரர்கள் சிலருக்கு மாதக்கணக்கில் வலி குறையும். சிலருக்கு ஒன்றும் நடக்காது.

போஹுமீர் கூரை ஓடு மாட்டிக்கொண்டிருந்தவர். கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் விநியோகித்ததற்காக இருபத்திரண்டு வயதில் இங்கிருந்த சுரங்க முகாமுக்குக் கைதியாக வந்து, எட்டு வருடம் யுரேனியம் வெட்டினார். முதுகு அங்கேயே போயிற்று. விடுதலையான பின் இந்தக் குளியலுக்கு மூன்று முறை மனுப் போட்டார். மூன்று முறையும் இல்லை என்றார்கள். அதே முகாமில் காவலாளியாக இருந்த என் அப்பாவுக்கு மட்டும் வருடா வருடம் கிடைத்தது. கைதிகளை எண் சொல்லியே கூப்பிட்டவர் அவர். சொல்லவே எனக்கு நா கூசுகிறது.

ஆட்சி மாறியதும் அறுபத்து மூன்று வயதில் போஹுமீருக்கு அனுமதி வந்தது. அவருக்கு ஒரே ஆசை, தன் பூட்ஸ் கயிற்றைத் தானே குனிந்து கட்ட வேண்டும். அதைத் தினமும் கட்டிவிட்ட மனைவி இறந்ததிலிருந்து பனியிலும் செருப்புதான்.

"அசையாம படுங்க பெரியவரே, வாயு போயிடும்."

"எட்டு வருஷம் இந்த வாயுவ ஓசியில இழுத்தேன்மா. அப்ப எவனும் கடிகாரம் பாக்கல."

"வாயாடாதீங்க, படுங்க."

ஒன்பதாவது குளியல் முடிந்ததும், பையில் கொண்டு வந்த பூட்ஸை மாட்டிக்கொண்டு மெல்லக் குனிந்தார். கட்டினார்.

"பாத்தியாம்மா, ரெட்டை முடிச்சு!"

நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் தொட்டியை நிரப்பி வைத்திருந்தபோது டாக்டரின் சீட்டு வந்தது. தாமதமாக வந்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் கட்டி. அந்த நோய் உள்ளவர்களை இந்தத் தண்ணீரில் இறக்கக் கூடாது.

போஹுமீர் சீட்டை இரண்டு முறை படித்தார். "கீழ சுரங்கத்துல மூச்சுல இழுத்தது நெஞ்சுல நின்னுடுச்சா?"

"டாக்டர் அப்படித்தான் சொல்றாரு."

"முதுகு இப்பதாம்மா சொன்ன பேச்சு கேக்க ஆரம்பிச்சுது."

எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. அவர் உட்கார்ந்து, குனிந்து, நிதானமாகப் பூட்ஸ் கயிற்றைக் கட்டினார்.

"தண்ணிய வீணாக்காத. அடுத்து யாரு?"

பட்டியலில் அடுத்து, பதினேழாவதாக இருந்தது என் அப்பாவின் பெயர்.

"யாரோ ஒரு முதுகுவலிக்காரர்."

"பாவம், வலியோட நிக்க வைக்காத. கூப்பிடு."

அவர் முதுகு நிமிர்ந்து நடந்து போனார். நான் காத்திருப்பு அறைக் கதவைத் திறந்தேன். அப்பா துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்பா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

"பதினேழாம் நம்பர், உள்ள வா."