பின்துடுப்பு பிடித்தவர்

பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரர் கப்பல்களுக்குப் படகில் துணிப்பொதி ஏற்றிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், எங்கள் படகைத் திருப்பிச் செலுத்தும் பின்துடுப்பைப் பிடித்தவர் அவர். கழுத்து நரம்பு புடைத்த, நின்ற இடத்தில் நிற்கத் தெரியாத மனிதர். புறப்படுமுன் துடுப்பு வலிக்கும் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்ப்பார். முகங்கொடுத்துப் பேசாத இருவரை ஒரே பலகையில் உட்கார வைப்பார். நானும் என் கூட்டாளியும் இணைபிரியாதவர்கள். என்னை முன்முனையில் போட்டார்; அவனைப் பின்னால், தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாத்துக்குண்ணா எங்களைப் பிரிக்கிறீங்க?"

"அவன் அலையில வுழுந்தா நீ துடுப்ப வுட்டுட்டு அவனப் புடிக்கப் போவ. படகு குறுக்கால திரும்பிக்கும், அல்லாரும் போய்டுவோம். வுழுந்தவன் ஆகாதவன்னா, பக்கத்துல இருக்கறவன் வலிச்சிகினே இருப்பான்."

வாடைக்காற்று முறுக்கிய ஒரு காலையில் என் கூட்டாளி விழுந்தே விட்டான். நான் எழுவதற்குள் தண்ணீரில் இன்னொரு சத்தம். பின்துடுப்பில் ஆளில்லை.

படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. பொதிகள் கடலோடு போயின. நாங்கள் தத்தளித்துக் கரையேறியபோது, அவர் என் கூட்டாளியின் முடியைப் பிடித்து மணலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தன்னோடு பேச்சே வைத்துக்கொள்ளாத ஒருவனிடம் பின்துடுப்பைக் கொடுத்தார். என் கூட்டாளியை விட்டு எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி, முன்முனையில் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

அலை நெருங்கியது. அவர் விழுந்துவிடுவாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில், என் துடுப்புதான் அன்று தாளம் தப்பிக்கொண்டே இருந்தது.