சோடாவைப் பிடுங்கியவன்

இன்று காலை நெல்லிவாசல் மலையிலிருந்து இறங்கிய ஷேர் ஜீப்பில், எதிரே இருந்த பெரியவருக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணியது.

"மயக்கம்தான், சோடா குடு" என்றார்கள். மலையில் எல்லாவற்றுக்கும் சோடாதான்.

அவர் மனைவி பாட்டிலை வாயருகே கொண்டுபோனதும் பிடுங்கிவிட்டேன். பக்கவாதம் வந்தவரால் சரியாக விழுங்க முடியாது; குடித்தது நுரையீரலுக்குள் போய்விடும்.

"இன்னாய்யா மனுசன் நீ!" என்று அந்த அம்மா கத்தினார்.

"நான் நர்ஸுங்க."

பெரியவரை இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னேன். வலது கை விழுந்தது. பேச்சு குழறியது.

"கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?"

"ஜீப்பு ஏறச்சொல்ல நல்லாதாங்க இருந்தாரு."

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, பக்கவாதம் என்றும் அவர் ஜீப்பில் ஏறிய நேரத்தையும் சொன்னேன். எடுத்தது மாலதி. என்னோடு படித்தவள். எனக்கு வர வேண்டிய தலைமை நர்ஸ் பதவியில் இருப்பவள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஸ்கேன் அறை தயாராக இருந்தது. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நேரத்தோடு போட்டார்கள்.

மாலையில் போய்ப் பார்த்தேன். அவருக்குப் பேச்சு திரும்பியிருந்தது. அந்த அம்மா மாலதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதாம்மா சாமி" என்று அழுதார். மாலதியின் கோட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"அவருதாங்க மொதல்ல கண்டுபிடிச்சாரு" என்று என்னைக் காட்டினாள். பெருந்தன்மை வேறு.

பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். "சோடாவப் புடுங்குனவன்தானே நீ?"

நினைவாற்றலில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவள் சாமியாம், நான் சோடாத் திருடனாம். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.