கடை கடையாக என்னைத் தேடி வந்த பிள்ளை

போன வருஷம் கார்த்திகை மாதக் கடைசியில், பாரிஸ் லா ஷப்பலில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையில் இது நடந்தது. மத்தியானச் சனம் குறைந்திருந்த நேரம். அன்று காலையில் வந்திறங்கிய முருங்கைக்காயை அடுக்கிக்கொண்டு நின்றேன். கடைக்கார அண்ணைக்கு ஒரு தொலைபேசி வந்தது. கதைத்து முடித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தங்கச்சி, உம்மை ஒரு பிள்ளை தேடித் திரியுதாம். சேலைக் கடையிலை உம்மடை மகளின்ரை படத்தைக் காட்டி, இவவின்ரை அம்மா எங்கை வேலை செய்யிறா எண்டு கேட்டதாம்."

மகளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் வருஷம். காலையில்தான் லெ பிளாங்-மெனில் வீட்டிலிருந்து என்னோடு ஒன்றாக இறங்கிப் போனவள். அவளுக்கு அழைத்தால் மணி அடிக்கிறது, எடுக்கிறாள் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை கடைக்குள் வந்தாள். என் மகளின் வயதுதான் இருக்கும். செனகல் நாட்டிலிருந்து படிக்க வந்தவள் என்று பிறகு தெரிந்தது. மழையில் கோட்டு நனைந்து தோளோடு ஒட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் கைபேசியில் இருந்த படத்தைக் காட்டி, "மதாம், இவருடைய அம்மா நீங்கள்தானா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். அப்படியே சுவரில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

மகளுக்கு விபத்து எதுவும் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னாள். அவள் அப்படிச் சொன்ன ஒழுங்கை இப்போது நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது. அண்ணை எங்கள் இருவரையும் பின்னால் சாமான் அறைக்கு அனுப்பி, தேத்தண்ணியும் கொடுத்துவிட்டார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இருந்துதான் அந்தக் கதையைக் கேட்டேன்.

என் மகளும் அவளும் செய்முறை வகுப்பில் சோடி. ஒக்டோபர் மாதத்திலிருந்து மகள் வகுப்புக்கு ஒழுங்காக வருவதில்லை. கடைசி மூன்று கிழமையாக ஒரேயடியாக நின்றுவிட்டாள். தொலைபேசியும் எடுப்பதில்லை. இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஆனால் வேலை செய்துகொண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது, வகுப்புக்கு வராவிட்டாலும் பரீட்சை எழுதலாம். அதற்கு வெள்ளிக்கிழமைக்குள் கேட்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். வீட்டு விலாசம் தெரியாது. அம்மா லா ஷப்பலில் ஒரு தமிழ்க் கடையில் வேலை என்று மகள் எப்போதோ சொன்னது மட்டும் நினைவிருந்திருக்கிறது. தொடருந்து நிலையத்தில் இறங்கி, ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் நகைக்கடை, சாப்பாட்டுக்கடை, முடிவெட்டும் கடை என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கியிருக்கிறாள். என்ன விஷயம் என்று கேட்டவர்களிடம், அவருடைய அம்மாவிடம் மட்டும்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டாளாம்.

"அவள் வேலைக்குப் போகிறாளா?" என்று கேட்டேன். எனக்கு அதுவும் தெரியாது. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும் மகளுக்கு முன்னால் போய் இருந்தேன். கோபப்படக் கூடாது என்று தொடருந்தில் வரும்போதே முடிவெடுத்திருந்தேன்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

எப்போதும்போல பிரெஞ்சில்தான் தொடங்கினாள். அவளுக்கு அரசாங்கம் கொடுக்கும் படிப்பு உதவிப் பணம், நாங்கள் புர்ஸ் என்று சொல்வது, அந்தப் படிப்பாண்டுக்கு இல்லை என்று வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முந்தின எங்கள் வருமானத்தைப் பார்த்துத்தான் அதைத் தீர்மானிப்பார்கள். அந்த வருஷம்தான் எனக்குக் கடையில் முழுநேர வேலை கிடைத்தது. விமான நிலையத்தில் பொதி ஏற்றும் என் கணவரும் சனி ஞாயிறு வேலைகளை எடுத்துச் செய்தார். எல்லைக்கு மேலே கொஞ்சம் போய்விட்டோம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு வாடகையில் ஒரு பங்கு அந்தப் பணத்தில்தான் போனது. மாதம் பிறந்ததும் மகள் வழமைபோல என் கையில் தந்துகொண்டுதான் இருந்தாள். புர்ஸ் வருகிறது என்றுதான் நானும் இருந்தேன். அவளோ கூசேன்வில்லில் ஒரு சாமான் கிடங்கில் பெட்டி கட்டி அந்தக் காசைக் கொண்டுவந்திருக்கிறாள். முதலில் கிழமைக்கு இரண்டு நாள் என்றுதான் போனாளாம். அவர்கள் கொடுத்த நேரமெல்லாம் வகுப்பு நேரமாக இருந்தது. சில வகுப்புகள் தவறின. பிறகு போய் முகம் கொடுக்க வெட்கம். அப்படியே நின்றுவிட்டாள்.

கடைசியில் தமிழில் சொன்னாள். "முழுநேர வேலை கிடைச்ச அண்டைக்கு நீங்கள் கேக் வாங்கிக்கொண்டு வந்தனீங்கள் அம்மா. அதாலைதான் புர்ஸ் நிண்டது எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த கணவர் எழும்பிப் போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த நாள் அண்ணையிடம் லீவு கேட்டேன். "போயிட்டு வாரும், கடை ஓடிப்போகாது" என்றார். மகளோடு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வாசலில் அந்தப் பிள்ளை எங்களுக்காகக் காத்து நின்றாள். மகளைக் கண்டதும் திட்டினாளா அழுதாளா என்று தெரியவில்லை, இரண்டும் கலந்த மாதிரி இருந்தது. பிறகு எங்களைச் சமூக சேவை அலுவலரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவருடைய அறைக்கு வெளியே நடைவழி நிறையப் பிள்ளைகள். எல்லாருடைய கையிலும் ஒரு கோப்பு, எல்லாருடைய முகத்திலும் என் மகளின் முகம்.

அலுவலரான அந்தப் பெண்மணி நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை என்றார். சட்டப்படி கொடுக்க வேண்டிய அடிப்படைச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. புர்ஸுக்கான வருமான எல்லையை மட்டும் உயர்த்தவில்லை. புர்ஸ் முறையையே மாற்றுவதாகச் சொன்னார்கள், அதுவும் தள்ளிப் போனது. அரசாங்கம் கவிழ்கிறது, பட்ஜெட் இழுபடுகிறது, காசு இல்லை என்கிறார்கள். "மதாம், நீங்கள் பணக்காரராகவில்லை. அவர்கள் போட்ட கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது" என்றார். முழுநேர வேலை எடுத்தது என் பிழையோ என்று இரவு முழுக்கக் குமைந்துகொண்டிருந்த எனக்கு, அந்தச் சொல் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அவசர உதவிக்கு விண்ணப்பித்துத் தந்தார். கிடைக்கும் என்று வாக்குத் தர முடியாது, ஆனால் விடமாட்டேன் என்றார். வேலை செய்யும் மாணவி என்ற பதிவும் வெள்ளிக்கிழமைக்கு முன்னமே முடிந்தது. தை பிறந்த பிறகு உதவியும் வந்தது. இழந்ததில் ஒரு பங்குதான். ஆனாலும் மகள் கிடங்கு வேலையைச் சனிக்கிழமைக்கு மட்டும் என்று குறைத்துக்கொள்ள அது போதுமாக இருந்தது. தவறிய வகுப்புக் குறிப்புகளையெல்லாம் அந்தப் பிள்ளை எழுதி வைத்திருந்தாள். இருவரும் எங்கள் குசினியில் சாப்பாட்டு மேசையில் இருந்து படித்தார்கள். முதல் பரீட்சையில் இரண்டு பாடம் தவறியது. ஆனி மாதம் திரும்ப எழுதி இரண்டாம் வருஷத்தை முடித்துவிட்டாள்.

அந்த நாட்களில் ஒருநாள், பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டு அந்தப் பிள்ளை போன பிறகு, மகள் எனக்கு ஒன்று சொன்னாள். எங்களைத் தேடி வந்த அன்று, பின்னேரம் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் தன் வேலைக்கு அவள் போகவில்லை. அந்த வீட்டுக்காரர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்களாம். அதைவிடப் பெரிய விஷயமும் இருந்தது. அவளைப்போல வெளிநாட்டிலிருந்து வந்து புர்ஸ் இல்லாமல் படிப்பவர்களுக்கு, அறை வாடகைக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உதவியை நிறுத்தும் பேச்சு அந்த மாதங்களில்தான் பட்ஜெட்டில் நடந்துகொண்டிருந்தது. என் மகளுக்காக மழையில் கடை கடையாக ஏறி இறங்கியபோது, தன் அறை தனக்கு இருக்குமா என்று அவளுக்கே தெரியாது. எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

பிறகு அது சட்டமாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் நான் அவளை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். மாட்டேன் என்றாள். கணவர் கேட்டார், அதற்கும் மாட்டேன் என்றாள். கடைசியில் மகள் போய் அவளுடைய உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், பைக்குப் பின்னால் அவளும் வந்துவிட்டாள். இப்போது மகளின் அறையில் இரண்டு கட்டில். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், அந்த ஒரு தமிழ்ச் சொல்லை என் மகளைவிட அழகாகச் சொல்கிறாள்.

தொலைக்காட்சியில் பட்ஜெட் பற்றி வாதம் வந்தால் முன்பெல்லாம் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். இப்போது இருந்து பார்க்கிறேன். அவர்கள் சொல்லும் கணக்கில் எங்கள் வீட்டு இரண்டு பிள்ளைகளும் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று தேடுகிறேன். தன் தலைக்கு மேல் கூரை நிச்சயமில்லாத ஒருத்தி என் பிள்ளையின் படிப்புக்காக ஒரு தெரு முழுக்க அலைந்தாளே, அந்த நினைப்பு வரும்போதெல்லாம் இந்த ஊரில் நாங்கள் தனியாக இல்லை என்று மனம் நிறைந்துபோகிறது.