ரப்பருக்குச் சொன்ன வார்த்தை

"டிரைவரு கலியமூர்த்தி போயிட்டாருங்க" என்றார் வாட்ச்மேன். பீங்கான் ஜாடிகளுக்கு நடுவே வைக்கோல் திணித்துக்கொண்டிருந்த நான், "எங்க, பெண்ணாடத்துக்கா? லோடு இன்னும் கட்டவே இல்லியே" என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கலியமூர்த்தி அண்ணன் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். அவர் உட்கார்ந்தார் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

அண்ணனை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் யூனிட்டின் லாரியை ஓட்டியவர் அவர். ஸ்டியரிங்குக்கு முன்னால் தவிர வேறெங்கும் உட்கார மாட்டார். பாதி டீயைக் குடித்துவிட்டு லாரியை ஒரு சுற்றுச் சுற்றுவார், வந்து மீதியைக் குடிப்பார். பேசும்போதும் ஒரு கால் டயரைத் தட்டிக்கொண்டே இருக்கும். "செத்த உக்காருங்கண்ணே, எனக்குத் தலை சுத்துது" என்றால், "நீ உக்காரு, யாரு வேணாம்னா" என்பார். இப்போது இதை எழுத உட்கார்ந்தால் எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து எழுந்து வாசலுக்குப் போய் வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள். லாரியின் பின்பக்கம் டயர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். அதில் ஒன்று வெடித்துவிட, நிர்வாகம் அந்த ஒன்றை மட்டும் புதிதாக வாங்கிப் பழையதன் பக்கத்தில் மாட்டிவிட்டது. லோடெல்லாம் ஏற்றிய பிறகு, வண்டியை எடுக்க மாட்டேன் என்று அண்ணன் இறங்கிவிட்டார்.

"புது டயர் போட்டுக் குடுத்தும் எடுக்க மாட்டேங்குறீங்களே" என்று மேனேஜர் கத்தினார்.

"புதுசு போட்டதுதாங்க வம்பு. புதுசு ஒசரம், தேய்ஞ்சது குள்ளம். பாரத்தப் பூரா புதுசு தூக்கும். பழசு ஒட்டியும் ஒட்டாம இழுபடும். கடசீல ரெண்டும் கெடும்."

"மெதுவா ஓட்டுங்க."

"மெதுவா ஓட்டுனா தேய்ஞ்சது வளருமாங்க?"

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. அண்ணன் பாட்டுக்கு லாரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கடைசியில், தேய்ந்து கிடந்த ஸ்டெப்னியை எடுத்து அந்தப் பழையதோடு ஜோடி சேர்த்து, புதியதை ஸ்டெப்னியாகக் கட்டிய பிறகுதான் வண்டி கிளம்பியது.

அன்றிலிருந்து, "புதுசையும் தேய்ஞ்சதையும் ஒரே அச்சுல மாட்டாதே" என்பது யூனிட்டில் பழமொழி ஆகிவிட்டது. கோப்பைக்கு வேறு சாசர் வைத்தால் சொல்வார்கள். கிழவரையும் விடலையையும் ஒரே ஷிப்டில் போட்டால் சொல்வார்கள். அண்ணனும் சிரித்துக்கொள்வார். பாழாய்ப்போன அந்தச் சொல் என் வீட்டு வாசலுக்கே வரும் என்று யார் கண்டது.

என் தங்கை மங்கை எங்கள் யூனிட்டிலேயே கோப்பைகளுக்குப் பூப் போடுகிறவள். சின்ன வயதிலேயே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். சூளையில் வேலை பார்த்த முருகையன் அவளைக் கட்டிக்கொள்வதாக வந்து கேட்டார். அவருக்கு அது முதல் கல்யாணம். மங்கைக்கும் சம்மதம். பல காலம் கழித்து அவள் பாட்டு முணுமுணுத்ததை நான் கேட்டேன்.

பேசி முடிக்கக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பெரியப்பா வந்தார். மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே சொன்னார்: "ஒங்க கலியமூர்த்தி டிரைவரே சொல்லுவாராமே. புதுசையும் தேய்ஞ்சதையும் ஒரே அச்சுல மாட்டக் கூடாதுன்னு." காபித் தட்டோடு வந்த மங்கை அப்படியே உள்ளே திரும்பிவிட்டாள். வந்தவர்கள் எழுந்து போனார்கள். "வுட்டுடுண்ணே. நான் தேய்ஞ்சதுதானே" என்றாள் என்னிடம்.

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். டயரைத் தட்டிக்கொண்டிருந்த கால் நின்றது. "அது என் வார்த்தையாச்சே" என்றார்.

சாயங்காலம் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே, இன்னும் ஊர் திரும்பாத பெரியப்பாவைக் கேட்டார். "ஏங்க, நான் ரப்பருக்குச் சொன்னத நீங்க எப்புடிங்க ஒரு பொண்ணுக்குச் சொல்லலாம்?"

"ஒங்க வாயில வந்ததுதானே?"

"என் வாயில வந்ததுதான். அதான் திருப்பி வாங்கிக்கிட்டுப் போவ வந்துருக்கேன்."

அண்ணன் அதோடு விடவில்லை. "டயரு மாட்டுன எடத்துல கெடக்கும். இந்தப் பொண்ணு அப்புடிக் கெடக்குற பொருளா? அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? நம்மூரு கோயில்ல விருத்தாம்பிகையும் இருக்காங்க, பாலாம்பிகையும் இருக்காங்க. மூத்தவங்க ஒருத்தங்க, எளையவங்க ஒருத்தங்க. பழமலைநாதரு ஒரே கோயில்லதான் வெச்சிருக்காரு. நீங்க அவருக்கு மேலயா?"

பிறகு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "மங்க, அந்த வார்த்தைய நான் எடுத்துக்கிட்டேன். இனிமே அது ஒன்னுது இல்ல. முருகையனை வரச் சொல்லட்டுமா, வேணாமா? நீ சொல்லு."

மங்கை நிலைப்படிக்கு வந்து, "வரச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

அந்தக் கோயிலிலேயே தாலி கட்டினார்கள். பெரியப்பாவும் வந்து அட்சதை போட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். அதற்குப் பிறகு அண்ணன் டயர் பார்க்கும்போது, "ரப்பருக்குத்தான் சொல்றேன்" என்று முதலில் சொல்லிவிட்டே பேச்சை ஆரம்பிப்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரித்ததில்லை.

அண்ணனுக்குப் பெண் பிள்ளை கிடையாது. வாய்க்கரிசிக்கு முறைக்காரர்களைக் கூப்பிட்டபோது மங்கை தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். "நீ என்ன முறைம்மா?" என்று அண்ணனின் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"சொன்ன வார்த்தையத் திருப்பி வாங்கிக்க என் வூடு தேடி வந்தவருங்க" என்றாள். "அந்த முறதான்."

பெரியவர் அரிசிப் படியை அவள் பக்கம் நகர்த்தினார்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. நானும் சொல்லாமல்தான் வந்தேன். மனசு கேட்கவில்லை, அதனால் இங்கே சொல்லிக்கொள்கிறேன். அண்ணே, நாங்க போயிட்டு வரோம். நீங்க இனிமேலாவது செத்த உக்காருங்க.