தனசிங் வண்டியின் இடது கை

“பின்கதவு வலது?”

“சாத்தியாச்சு.”

“பின்கதவு இடது?”

“சாத்தியாச்சு.”

“கை ரெண்டும்?”

“உள்ளே.”

“லைன் கிளியர்?”

“லைன் கிளியர்.”

கேட்பவரும் தனசிங்தான், பதில் சொல்பவரும் தனசிங்தான். கேள்விக்கு ஒரு குரல், பதிலுக்குச் சற்றே கனத்த இன்னொரு குரல். சேலையூரில் தன் வீட்டு வாசலில் நிற்கும் பழைய மாரிஸ் மைனர் காருக்குள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து இந்தச் சம்பாஷணையை முடித்த பிறகுதான் சாவியைத் தொடுவார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் பயப்படுவார்கள். அடுத்த வாரத்திலிருந்து அந்தக் குரலைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள்.

ரயில்வேயில் சிக்னல் பகுதி இன்ஸ்பெக்டர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கும் இடத்தில் இவர் டெஸ்டர் குத்தியிருப்பார். ஆலயத்துக்குப் போகும்போதும் வேதாகமம் கையில், டெஸ்டர் பையில். பேச்சு மெதுவாக வரும். யாராவது நல்ல செய்தி சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் “கன்ஃபர்மா?” என்று ஒரு கேள்வி கேட்பார். பேரன் பிறந்த தந்திக்கும் அதே கேள்விதான்.

அவர் கார் ஓட்டுவதில்லை, ரயில் ஓட்டுகிறார். அதுதான் சங்கதி. ரயில்வேயில் ஒரு சிக்னலை இறக்க லீவரை இழுத்தால் மட்டும் போதாது. அது இறங்கியதா என்று லீவர்கள் உள்ள கேபினுக்குத் திரும்பத் தகவல் வரவேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு லீவர்களைச் சேர்த்து இழுக்கவே முடியாதபடி பூட்டு இருக்க வேண்டும். எங்கே ஒரு வயர் அறுந்தாலும் எல்லாம் சிவப்புக்குப் போய்விட வேண்டும். இந்த மூன்று கட்டளைகளையும் தனசிங் கொஞ்சமும் குறைக்காமல் ஒரு சின்னக் காருக்குள் இறக்கிவிட்டார்.

மூர் மார்க்கெட்டில் பொறுக்கி வாங்கிய ரிலேக்கள் முன்சீட்டுக்கு அடியில், கிறிஸ்துமஸ் பிஸ்கட் வந்த தகர டப்பாக்களில் குடியிருக்கின்றன. ரிலே என்பது வாயிற்காவலன் மாதிரி. சின்ன மின்சாரம் வந்து தட்டினால் ‘டக்’ என்று கதவைத் திறந்து பெரிய மின்சாரத்தை உள்ளே விடும். காரில் போகிறவர்களுக்கு உட்காரும் இடத்துக்குக் கீழே சதா ‘டக், டக்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். டாஷ்போர்டு முழுக்கக் குட்டிக் குட்டி விளக்குகள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு ஒட்டிய சிவப்பு, பச்சைத் தாள்களை வெட்டி ஒட்டியிருக்கிறார். முன்விளக்கு எரிகிறதா என்று காட்ட ஒரு விளக்கு. அந்த விளக்கு உயிரோடு இருக்கிறதா என்று காட்ட இன்னொன்று. அதற்கு மேல் போகாததற்குக் காரணம் நிதானம் அல்ல. டாஷ்போர்டில் இடம் இல்லை.

நான்கு கதவில் எது சரியாகச் சாத்தாவிட்டாலும் என்ஜின் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கதவு லேசாக ஆடினாலும் நின்றுவிடும். திரும்புவதற்குச் சைகை காட்டுவது பெரிய சடங்கு. அந்தக் காரில் மினுக்கும் விளக்கு கிடையாது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் உள்ள தூணிலிருந்து சாண் நீளத்தில் ஒரு மஞ்சள் கை வெளியே நீளும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. கை உண்மையிலேயே நீண்டால்தான் டாஷ்போர்டில் சிவப்பு அணைந்து பச்சை எரியும். பச்சை எரிந்தால் தனசிங் திரும்புவார். எரியாவிட்டால் திரும்ப மாட்டார். சாலை காலியாகக் கிடந்தாலும் மாட்டார்.

ஒருமுறை முடிச்சூரில் ஒரு துக்கத்துக்குப் போனவருக்கு வலது கை வேலை செய்யவில்லை. துக்க வீடு வலது பக்கம். பச்சை வராததால் நேராகப் படப்பை வரை போய்விட்டார். திரும்பி வருவதற்கும் வலது பக்கம்தான் திரும்ப வேண்டும் என்பது படப்பைக் கடைத்தெருவில்தான் அவருக்கு உறைத்தது. கடைசியில் என்ஜினை அணைத்துவிட்டு, காய்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு வண்டியைக் கையால் தள்ளித் திருப்பச் சொன்னார். ரயில்வேயில் பெட்டியைத் தள்ளித் தடம் மாற்றுகிற மாதிரி, அது ஷண்ட்டிங். ஷண்ட்டிங்குக்கு விதி வேறு. துக்க வீட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது கல்லறைக்குப் போனவர்கள் திரும்பி வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆனா சார், தப்பு நடக்க வழியே கிடையாது” என்பார், கேட்கிறவர் முகத்தைப் பார்த்து. “எது ஆனாலும் வண்டி நின்னுடும்.”

“நின்னுடும்னு ஊருக்கே தெரியும்” என்பார் அவர் மனைவி ரத்தினபாய். “போகுமான்னுதான் கேக்கறேன்.”

ரத்தினபாய் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியை. கஞ்சி போட்ட காட்டன் புடவை, வார்த்தையை அளந்து பேசும் பேச்சு. அந்தக் காரில் அவர் கடைசியாக ஏறியது ஒரு திங்கள்கிழமை காலை. தாம்பரம் ரயில்வே கேட்டில், சரியாகத் தண்டவாளத்துக்கு மேலே, வண்டி ‘டக்’ என்று நின்றது. மின்சார ரயில் சிக்னலுக்கு அப்பால் காத்து நின்றது. கேட்காரர் ஓடிவந்து பார்த்து, “தனசிங் சார் வண்டியா? அப்ப நேரமாகும்” என்று திரும்பிப்போய் உட்கார்ந்துவிட்டார். ரத்தினபாய் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. நின்ற ரயிலின் பெண்கள் பெட்டியிலிருந்து அவருடைய ஒன்பதாம் வகுப்பு முழுக்கத் தலையை நீட்டி, “தள்ளுங்க மிஸ்! தள்ளுங்க மிஸ்!” என்று கத்தியது. தனசிங்கோ பின்கதவைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி துள்ளினார். “பார் ரத்தினம், பார்! கதவு நூலிழை திறந்திருக்கு. எனக்குத் தெரியல, உனக்குத் தெரியல, வண்டி கண்டுபிடிச்சிடுச்சு!”

ரத்தினபாய் கையைத் தட்டிவிட்டு, அங்கே நின்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சேலையூரில் ஒரு ஊர்வலம். முன்னால் எத்திராஜின் ரிக்‌ஷா, அதில் ரத்தினபாய். பின்னால் நத்தை வேகத்தில் தனசிங்கின் கார். மனைவியைத் தனியே அனுப்ப அவருக்கு மனசில்லை. காரை விட்டுவிட்டு வரவும் மனசில்லை.

“ம்மா, சார் பின்னாலயே வந்துகினு கீறாரு. எனக்கு ஒரே பேஜாரா கீது” என்பான் எத்திராஜ்.

“நீ போப்பா. அவர் வழி அவருக்கு.”

ஆலயத்துக்கு இடது பக்கச் சந்தில் திரும்ப வேண்டும். ரிக்‌ஷா திரும்பும். காரின் இடது கைக்கு மூட்டு வலி. சில ஞாயிறு நீளும், சில ஞாயிறு நீளாது. “ம்மா, சார் இன்னிக்கும் நேரா பூட்டாரு” என்று எத்திராஜ் அறிவிப்பான். ரத்தினபாய் திரும்பிப் பார்க்க மாட்டார். பிரசங்கம் பாதி நடக்கும்போது, நேரே போனால் வரும் ராஜகீழ்ப்பாக்கம் பார்த்துவிட்டு வியர்த்து வழிய தனசிங் உள்ளே நுழைவார்.

ஒரு வார்த்தையில் முடிகிற காரியம். கேம்ப் ரோட்டு மெக்கானிக் கோபு, “அத்தினி வயரையும் அறுத்துக் கடாசு சார், வண்டி ராஜா மாதிரி ஓடும்” என்று பலமுறை சொல்லியிருக்கிறான். தனசிங்கால் முடியாது. இளவயதில் கேபினில் நின்றபோது, கண்ணயர்ந்த ஒரு மதியம், தவறான லீவரை இழுத்தார். லீவர் அசையவில்லை; பூட்டு தடுத்துவிட்டது. அவர் இழுத்த அந்தப் பாதையில் ஜனங்களோடு ஒரு பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. “நான் தப்பு பண்ணுவேன் ரத்தினம். அது பண்ணாது” என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் ரத்தினபாயும் வயரை அறுக்கச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டார், அவ்வளவுதான். ஆனாலும் காரில் பக்கத்து இருக்கை காலியாக இருப்பது தனசிங்குக்கு வலித்தது. ஞாயிறுதோறும் அந்த இருக்கையைத் துடைத்து, சலவைத் துண்டு விரித்து வைப்பார்.

இருபத்தைந்தாம் கல்யாண நாள் வந்தது. ஞாயிறு ஆராதனையில் இருவரும் ஜோடியாகப் பீடத்தின் முன் போய் நிற்க வேண்டும். அதற்கு முந்திய வாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சாராள் அக்கா கண்களை மூடிக்கொண்டு உருக்கமாக ஜெபித்தார்: “ஒரே வீட்டிலிருந்து ரெண்டு வண்டியில வர்ற அந்தக் குடும்பத்தை ஒண்ணு சேரும் ஆண்டவரே.” எல்லோரும் “ஆமென்” என்றார்கள். ரத்தினபாயும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது தனக்கான ஜெபம் என்று விளங்கியது.

வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “ஞாயித்துக்கிழமை உங்க வண்டியில வரேன்.”

தனசிங் எழுந்து நின்றார். “கன்ஃபர்மா?”

“கன்ஃபர்ம். ஆனா வண்டி சர்ச்சுக்குப் போகணும். ராஜகீழ்ப்பாக்கத்தை நான் மேப்ல தினம் பாக்கறேன், நேர்ல பாக்க வேண்டாம். அங்க போச்சுன்னா, சாகற வரைக்கும் எத்திராஜ்தான் எனக்கு.”

சனிக்கிழமை முழுக்க இடது கைக்கு வைத்தியம். துருவைச் சுரண்டினார், தையல் மிஷின் எண்ணெய் விட்டார், சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். கை வந்தது, போனது, வந்தது, போனது. தெருவில் போன ஒருவர் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று அருகில் வந்து, “இன்னா சார்?” என்றார். இன்னொருவர் பதில் வணக்கம் வைத்தார். நம்பிக்கை போதாமல் தனசிங் விளக்கு வைக்கும் நேரம் வரை போட்டுக்கொண்டே இருந்தார்.

ஞாயிறு காலை ரத்தினபாய் பட்டுப் புடவையில் வந்து சலவைத் துண்டின் மேல் உட்கார்ந்தார். தனசிங்குக்குக் கேள்வி கேட்கும் குரலே எழும்பவில்லை. “பின்கதவு வலது?” என்று ரத்தினபாய்தான் கேட்டார். எத்திராஜ் வழக்கம்போல வந்திருந்தான். “இன்னிக்கு நான் பின்னால வரேன் சார். எதுனா ஆச்சின்னா அம்மாவ ஏத்திகினு போகணும்ல” என்றான். ஊர்வலம் தலைகீழாகப் புறப்பட்டது.

கதவு ஆடவில்லை. என்ஜின் நிற்கவில்லை. சீட்டுக்கடியில் ‘டக், டக்’ என்று எல்லாம் ஒழுங்காகப் பேசின. ஆலயச் சந்து தெரிந்தது, மணியோசையும் கேட்டது. தனசிங் இடது சுவிட்சைப் போட்டார். டக். சிவப்பு. மறுபடியும் போட்டார். டக். சிவப்பு. முந்தின நாள் போனவர் வந்தவரையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தக் கை ஓய்ந்துபோயிருந்தது.

சந்துக்கு முன்னால் காரை நிறுத்தினார். சாலையில் ஒரு ஆடுகூட இல்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தால் ஆலயம். ஒடித்தால், இத்தனை நாள் கட்டிவைத்த அத்தனை வயரும் வெறும் விளையாட்டுச் சாமான். ஒடிக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் மனுஷி இனிமேல் அந்த இடத்தில் உட்கார மாட்டாள். பின்னால் ரிக்‌ஷா மணி அடித்தது. “இன்னா சார், நின்னுக்கினே?”

“கை வரல” என்றார் தனசிங், யாரிடம் என்றில்லாமல். பிறகு மெதுவாக, “நேராப் போறதைத் தவிர வழியில்ல ரத்தினம். என்னை மன்னிச்சிடு.”

ரத்தினபாய் சிவப்பு விளக்கைப் பார்த்தார். கணவரின் கையைப் பார்த்தார். அது இன்னும் இடது சுவிட்சைத்தான் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டார்: “சிக்னல் கெட்டுப்போனா டிரெய்னை என்ன பண்ணுவீங்க?”

“கொடி காட்டி அனுப்புவோம்.”

“யார் காட்டணும்?”

“பொறுப்புள்ள ஆள்.”

“எவ்வளவு நேரம்?”

“கடைசிப் பெட்டி தாண்டற வரைக்கும். நடுவுல இறக்கக் கூடாது.”

ரத்தினபாய் கண்ணாடியின் பிடியைச் சுழற்றி முழுக்க இறக்கினார். பட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வளையல் போட்ட இடது கையைத் தோள்வரை வெளியே நீட்டினார். தனசிங் அந்தக் கையைப் பார்த்தார். டிரைவர் கொடியைப் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக விசில் கொடுப்பதுபோல, சின்னதாக ஒரு ஹாரன் கொடுத்தார். கார் திரும்பியது. ஆலய வாசலில் நின்ற சாராள் அக்கா தன்னைப் பார்த்துத்தான் கையாட்டுகிறாள் என்று எண்ணி, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். ரத்தினபாய் பதிலுக்கு ஆட்டவில்லை. பின்சக்கரம் இரண்டும் வாசலைத் தாண்டி உள்ளே வரும்வரை, நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தார்.