காலிக் கோப்பு

ரோஸ்லின் இறந்த செய்தி முதலாளியின் குறுஞ்செய்தியாக வந்தது. ‘நம் குடும்பத்துச் சகோதரி மறைந்தார். திங்கட்கிழமை இரங்கல் கூட்டம். அனைவரும் வரவும்.’ குடும்பமாம், சகோதரியாம். சீ! புதுப்பட்டினத்தில் ரோஸ்லின் வீட்டுக்குப் போனால் வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. அதில் முதலாளி பெரிதாகக் கைகூப்பி நிற்க, ரோஸ்லினின் முகம் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது.

அவரை அறிந்த உங்களுக்காக எழுதுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் அந்தச் சின்ன அலுவலகத்தில் நானும் அவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். எங்கோ இருப்பவர்கள் இலவசமாக வெளியிடும் மென்பொருளின் மூலநிரலை இறக்கி, நாங்களே கம்பைல் செய்து, அதாவது கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்றி, பள்ளி நூலகங்களில் நிறுவுவது எங்கள் வேலை. கூட வரும் குறிப்புகளைப் படிக்காமலே நான் கட்டளையைத் தட்டுவேன். திரை முழுக்கப் பிழைகள் கொட்டும். கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு அல்லாடுவேன். ரோஸ்லின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையை மேலே மேலே தள்ளிப் போய் முதல் பிழையில் நிறுத்துவார்.

“இன்னாபா கீழயே பாத்துகினு கீற? மொத தப்பப் பாரு. அப்பால வர்றதெல்லாம் அது பெத்த புள்ளைங்க.”

அந்த நூலக மென்பொருள் தமிழ்ப் புத்தகங்களின் பெயர்களை அகர வரிசையில் அடுக்காமல் கண்டபடி கொட்டிவைக்கும். ரோஸ்லின் பல மாதங்கள் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். கல்பாக்கம் பஸ்ஸில் வரும்போதும் மடியில் அச்செடுத்த நிரல்தான். திருத்தத்தை அந்த மென்பொருளை வெளியிடுபவர்களுக்கே அனுப்பிவைத்தார். அடுத்த பதிப்பில், எழுதியவர்களின் பெயர்கள் இருக்கும் கோப்பில் அவர் பெயரும் வந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் அப்பா வயல்கூலியாக இருந்து, பிறகு கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்தவர்.

“நைனாவுக்கு இங்கிலீஷ் தெர்யாது. வெரல் வெச்சுக் காட்னேன். அதையே பாத்துகினு இருந்தாரு” என்று மறுநாள் சொன்னார்.

பிறகுதான் வந்தது வினை. முட்டுக்காடு பக்கம் ஒரு கல்லூரி எங்களிடம் மென்பொருள் கேட்டது. முதலாளிக்கு அதைத் தன் சொந்தச் சரக்கு என்று விற்க ஆசை.

“யார் யாரு பேரோ இன்னாத்துக்கு? தூக்குங்கபா எல்லாத்தையும்.”

ரோஸ்லின் அசையவில்லை. “எடுத்துக்கலாம், மாத்தலாம், விக்கவும் செய்யலாம் சார். எழுதுனவன் பேர அழிக்கக் கூடாது. அவங்க கேட்டது அது ஒண்ணுதான்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் செய்தேன். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பெயர்களை அழித்தேன். பெயர்ப் பட்டியல் கோப்பையே நீக்கினேன். அதன் பிறகு கம்பைலுக்கு ஆயத்தம் செய்யும் கருவி ஓட மறுத்தது: எழுதியவர்கள் கோப்பைக் காணவில்லை, அது கட்டாயம் வேண்டும் என்றது. கோப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. எனக்கு அது தெரியும். அதே பெயரில் ஒரு காலிக் கோப்பை வைத்தேன். எல்லாம் ஓடிற்று.

ரோஸ்லின் மறுநாள் அதைத் திறந்து பார்த்தார். “மிஷினு கூட நின்னு கேட்டுக்கீதே, பேரு எங்கன்னு. உனுக்குக் கேக்கத் தோணலியாபா?” அந்த மாதமே வேலையை விட்டார். எனக்குத் தலைமைப் பதவி கிடைத்தது. அதன் பிறகு நாங்கள் பேசவேயில்லை.

இரங்கல் கூட்டத்தில் முதலாளி மூக்கைச் சிந்தினார். “அந்த மென்பொருளே ரோஸ்லின் போட்ட பிச்சை” என்றார். உயிரோடு இருந்தவருக்கு ஒரு வரி இடம் தராத வாய் அது. ஆனால் அந்த வரியை அழித்த விரல்கள் என்னுடையவை. அதே விரல்களால் படத்துக்கு மாலை போட்டேன்.

கூட்டம் கலைந்தபோது ரோஸ்லினின் அப்பா என்னிடம் வந்தார். சட்டைப்பையிலிருந்து மடிப்பு விட்டுப்போன அந்தக் காகிதத்தை எடுத்தார். சரியாக மகளின் பெயர் மேல் விரலை வைத்தார்.

“நீங்க விக்கிறதுலயும் இது கீதா தம்பி?”

“இருக்குங்கய்யா” என்றேன்.

முதல் பிழையைத் தேடும் பழக்கம் ஒன்றுதான் ரோஸ்லினிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அன்று முதல் மேலே மேலே தள்ளிக்கொண்டு போகிறேன். எங்கிருந்து தொடங்கினாலும் அந்தக் காலிக் கோப்பில்தான் போய் நிற்கிறது. அந்தப் பெரியவரிடம் சொன்ன பொய்யும் அது பெற்ற பிள்ளைதான்.