டிரஸர் குத்திய ஊசி

பிரிக்பீல்ட்ஸ் ரயில் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நிலக்கரி அள்ளுகிற ஷவலை என் கையில் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் எழும்பி உடைந்துவிட்டது. உடம்பில் எங்கே உரசினாலும் எனக்கு அப்படித்தான். என் அம்மாவுக்கும் இருந்தது. எனக்கு வந்த தாய்வழிச் சொத்து அது ஒன்றுதான்.

கூட வேலை செய்த மருதமுத்து அண்ணன் ஷவலைப் பிடுங்கிக்கொண்டார். "நீ இஞ்சினத் தொடைடா. கரிய நான் அள்ளுறேன்." அன்றிலிருந்து எண்ணெயில் நனைத்த காட்டன் வேஸ்ட்டால் இன்ஜின் துடைப்பது என் வேலையாயிற்று. எண்ணெய் கைக்கு இதமாகக்கூட இருந்தது.

சில வருஷம் கழித்துப் புதிதாக வந்த ஒருவன் என் கைகால் புண்ணையும் தழும்பையும் பார்த்துவிட்டு, போர்மன் துரையிடம் போய், "இவனுக்குப் பெருநோய். இவன்கூட வேல செய்யமாட்டோம்" என்று சொல்லிவிட்டான். பெருநோய் என்று முடிவானால் தொழுநோயாளி முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் குடும்பத்தோடு இருக்க முடியாது. என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

துரை, ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரஸரை வரவழைத்தார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். டிரஸர் என் கண்ணைத் துணியால் கட்டினார். "பெருநோய்னா தோல் மரத்துப்போயிருக்கும். ஊசியால குத்துவேன். வலிச்சா சொல்லு."

குத்தினார். நன்றாகவே வலித்தது. ஆனால் சின்ன வயதிலிருந்தே வலியை விழுங்கிப் பழகியவன் நான். அத்தனை பேர் முன்னால் கத்த வெட்கமாக இருந்தது. மறுபடி குத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நோ ஃபீலிங், சார்" என்றார் டிரஸர். அந்த இங்கிலீஷ் எனக்கே புரிந்தது.

அப்போது மருதமுத்து அண்ணன் குரல் கேட்டது. "ஐயா, அவன் மூஞ்சியப் பாக்காதீங்க, கால்விரலப் பாருங்க! வலிச்சா சுருட்டிக்குவான். இத்தன வருஷமா பாக்குறேன்லா." பிறகு என்னிடம், "டேய் ஊமைக்கோட்டான்! பொண்டாட்டியோட இருக்கணுமா வேணாமா? கத்துடா!"

டிரஸர் மூன்றாவது தடவை குத்தினார். கத்தினேன் பாருங்கள், கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்துவிட்டதாம். துரை சிரித்துவிட்டார். புகார் சொன்னவன்கூடக் கைதட்டினான். டிரஸர் பெருநோய் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறந்த மகளுக்கும் என் தோல்தான். அவளை அழாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஷெட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: வலித்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். கால்விரலைக் கவனிக்கிற மருதமுத்து எல்லாருக்கும் வாய்க்கமாட்டார்.